மீண்டும் செய் என்றால் எதைச் செய்வது?

மதுரையின் மேற்கே புறவழிச் சாலையும் தேனிச் சாலையும் சந்திக்கும் இடத்திற்குக் காளவாசல் என்று பெயர். காளவாசல் என்ற சொல்லுக்குச் செங்கல்லோ சுண்ணாம்போ சுடுகின்ற சூளை என்பது பொருள். இன்று அங்கே நீங்கள் காண்பது மேம்பாலமும் பேருந்துகளும் கடைகளும்தான். ஆயினும் மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் செங்கல் அறுக்கும் களத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கல் அறுப்பவர் அச்சில் மணலைத் தூவுகிறார். குழைத்த மண்ணை அறைந்து நிரப்புகிறார். மேலே வழித்துச் சமன் செய்கிறார். பிறகு அச்சைத் தூக்கிக் கல்லைக் களத்தில் விடுகிறார். 'இன்னொன்று போடு' என்றால் இந்த நான்கு வேலைகளையும் வரிசையாகச் செய்வார். கடைசியாகச் செய்தது அச்சைத் தூக்கியதுதானே என்று எண்ணி, வெறும் அச்சைத் தூக்கிக் காட்டமாட்டார்.

மனிதர் செய்யாத இந்தப் பிழையைக் கணிப்பொறி செய்கிறது. அதுவும் உலகெங்கும் நிரல் எழுதுவோர் போற்றும் ஒரு கருவி செய்கிறது. அந்தக் கருவியின் நிறையையும் குறையையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காளவாசல் பகுதியில் அச்சுக்கோப்புக் கடை ஒன்றில் பகுதிநேரமாக வேலை பார்க்கும் கல்லூரி மாணவர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். மேல்நிலை வகுப்பு இயற்பியல் வினாத்தொகுப்பு ஒன்றைத் தமிழில் அடித்துத் தரும் பொறுப்பு அவருக்கு வந்தது. கலைச்சொற்கள் வரும் இடமெல்லாம் அவற்றின் இருபுறமும் மேற்கோள் குறி இட வேண்டும் என்பது ஆசிரியரின் விருப்பம். மாணவர் அதற்கென ஒரு விசையை ஏற்பாடு செய்துகொண்டார். முதல் சொல்லில் அந்த விசையை அழுத்தினார், சரியாக வந்தது. அடுத்தடுத்த சொற்களுக்கு, 'முன்பு செய்ததையே மீண்டும் செய்' என்னும் கட்டளையைக் கொடுத்துக்கொண்டே விரைந்தார். சில பக்கங்கள் கடந்தபின் நிமிர்ந்து பார்த்தால், 'மின்னோட்டம்' என்று வர வேண்டிய இடத்தில் மி'ன்னோட்டம் என்று நின்றது! முன்குறியைக் காணவில்லை, பின்குறியோ சொல்லின் நடுவில். அவர் கவனித்திராவிட்டால் அந்தத் தாள் அப்படியே நகலெடுக்கப்பட்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கும். பிழை யாருடையது? மாணவருடையதா, கருவியுடையதா?

புள்ளி செய்யும் வேலை

அவர் பயன்படுத்திய கருவி 'விம்' என்னும் உரைத் தொகுப்பி. உரைத் தொகுப்பி என்பது எழுத்துகளை மட்டும் உள்ளிடவும் திருத்தவும் உதவும் செயல்நிரல். படமோ அலங்காரமோ அதில் இல்லை. அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்பவர் 1976-ஆம் ஆண்டில் 'வி.ஐ.' என்ற தொகுப்பியை எழுதினார். அதன் வழியில் நெதர்லாந்து நாட்டவரான பிராம் மோலெனார் 1991-இல் விம்மை வெளியிட்டார். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் மறையும் வரை அதை அவர் பேணி வளர்த்தார். அது இலவசமாகக் கிடைப்பது என்பதால் நம் மாணவர்களுக்கும் எட்டும் பொருளாயிற்று.

இத்தொகுப்பியில் இரண்டு நிலைகள் முக்கியமானவை. எழுதும் நிலையில் விசையை அழுத்தினால் எழுத்து விழும். கட்டளை நிலையில் அதே விசை ஒரு கட்டளை ஆகிவிடும். 'எக்ஸ்' என்றால் ஓர் எழுத்தை நீக்கு. 'டி' விசையை இருமுறை தட்டினால் ஒரு வரியை நீக்கு. கட்டளை நிலையில் முற்றுப்புள்ளி விசைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கடைசியாகச் செய்த திருத்தத்தை அது மீண்டும் செய்யும். ஒரு சொல்லை நீக்கி வேறொரு சொல்லை எழுதியிருந்தால், அடுத்த இடத்துக்குப் போய்ப் புள்ளியைத் தட்டினாலே போதும். பழைய சொல் போய்ப் புதிய சொல் வந்து அமரும். பத்து விசைகள் செய்த வேலையை ஒரு விசை செய்துவிடுகிறது. இத்தனை சிறிய விசையில் இத்தனை பயன் வைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இது மட்டுமன்று. நாம் அடிக்கடி செய்யும் வேலைகளுக்கு நாமே விசை ஏற்பாடு செய்துகொள்ளவும் வழி உண்டு. 'எஃப் 5 விசையை அழுத்தினால் இன்னின்ன விசைகளை வரிசையாக அழுத்தியதாகக் கொள்' என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். ஆக, மீண்டும் செய்யும் கட்டளையும் நன்று. சொந்த விசை ஏற்பாடும் நன்று. இரண்டும் ஒன்று சேரும் இடத்தில்தான் சிக்கல் எழுகிறது.

இரு நினைவேடுகள்

நம் மாணவரின் விசை ஏற்பாட்டில் மூன்று செயல்கள் இருந்தன. சொல்லின் முன் குறி இடு என்பது முதல் செயல். சொல்லின் இறுதிக்குச் செல் என்பது இரண்டாவது. அங்கே குறி இடு என்பது மூன்றாவது. மாணவருக்கு இது ஒரே வேலை: 'சொல்லுக்கு மேற்கோள் குறி இடுதல்'. தொகுப்பிக்கோ இவை ஒரு திருத்தம், ஒரு நகர்வு, மீண்டும் ஒரு திருத்தம்.

தொகுப்பியின் உள்ளமைப்பை ஓர் அலுவலகமாக எண்ணிக்கொள்ளுங்கள். வாயிலில் இருப்பவர் உங்கள் எஃப் 5 விசையை வாங்கி, அதை விரித்து எழுதி உள்ளே அனுப்புகிறார். உள்ளே இருப்பவரிடம் ஒரு நினைவேடு இருக்கிறது. புதிய திருத்தம் ஒன்று தொடங்கியதும் பழையதை அடித்துவிட்டுப் புதியதை அதில் எழுதிக்கொள்வார். எஃப் 5 என்ற ஒன்று வந்ததே அவருக்குத் தெரியாது. மூன்று செயல்களும் முடிந்தபோது அவர் ஏட்டில் இருப்பது கடைசித் திருத்தம் மட்டுமே: 'இருக்கும் எழுத்துக்கு அடுத்து ஒரு குறி இடு'. நீங்கள் புள்ளியைத் தட்டியதும் அதைத்தான் அவர் செய்கிறார். நீங்கள் அடுத்த சொல்லின் முதல் எழுத்தான 'மி'யின்மேல் நின்றுகொண்டிருந்தால், 'மி'க்கு அடுத்துக் குறி விழுகிறது. மி'ன்னோட்டம் தோன்றிய கதை இதுதான்.

விந்தை என்னவென்றால், அதே அலுவலகத்தில் வேறொரு நினைவேடும் உண்டு. 'கியூ' விசையை அழுத்தி நம் விசையடிப்புகளைப் பதிவு செய்து, பிறகு '@' குறியால் அவற்றை மீண்டும் ஓட்டலாம். இந்த ஏட்டை எழுதுபவர் வாயிலிலேயே அமர்ந்திருக்கிறார். நீங்கள் எஃப் 5 அழுத்தினால் எஃப் 5 என்றே அவர் எழுதிக்கொள்கிறார். ஆகவே பதிவை ஓட்டினால் மூன்று செயல்களும் முழுமையாக நிகழ்கின்றன. ஒரே கருவியில் 'மீண்டும்' என்ற சொல்லுக்கு இரு பொருள்கள்!

இதைவிட ஆபத்தான நிலையும் உண்டு. சில விசை ஏற்பாடுகள் முக்காற்புள்ளியில் தொடங்கும் வரிக் கட்டளைகளால் ஆனவை. 'இந்த வரியில் இச்சொல்லை அச்சொல்லாக மாற்று' என்பது போன்றவை அவை. இத்தகைய கட்டளை புள்ளியின் ஏட்டில் ஏறுவதே இல்லை. அதற்கு முன் நீங்கள் ஒரு வரியை நீக்கியிருந்தால், புள்ளியைத் தட்டியதும் சொல் மாறாது. இன்னொரு வரி மறையும். வரிக் கட்டளையை மீண்டும் செய்யவென்றே '@' குறியையும் முக்காற்புள்ளியையும் சேர்த்து அழுத்தும் முறை ஒன்று உள்ளது. ஆனால் கையால் ஓர் எழுத்தேனும் தட்டப்பட்ட வரிக் கட்டளையைத்தான் அது நினைவில் கொள்ளும். முழுவதும் விசை ஏற்பாட்டிலிருந்து வந்த கட்டளை அதற்கும் தெரியாது.

தமிழுக்கு இது புதிதன்று

பல விசைகள் சேர்ந்து ஒரு செயல் ஆவது தமிழருக்குப் பழகிய செய்திதான். யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது எதிர்கொண்டதும் இத்தகைய சிக்கலே. நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்கு நூற்றுக்கணக்கான விசைகள் வைக்க இயலாது. ஆகவே எழுத்தின் உறுப்புகளைப் பிரித்து வைத்தார்கள். தட்டச்சுப் பயிலகத்தில் பயின்றவர்களுக்கு நகராவிசை நினைவிருக்கும். அதை அழுத்தினால் குறி மட்டும் பதியும், தாள் நகராது. அடுத்து மெய்யெழுத்தின் விசையை அழுத்தியதும் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து ஓர் எழுத்தாகும். 'கோ' என்ற எழுத்துக்கு இரட்டைக்கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு வேண்டும். தட்டுகள் மூன்று, எழுத்து ஒன்று.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாகப் பிறந்த 'தமிழ் 99' விசைப்பலகையில் இது இன்னும் நுட்பமாக அமைந்திருக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் மெய்யின் தலையில் புள்ளி தானே ஏறிக்கொள்கிறது. அதாவது அதே 'ம' விசை, முன்னால் ஒரு 'ம' இருக்கும்போது ஒரு வேலையும், இல்லாதபோது வேறு வேலையும் செய்கிறது. இப்படிப்பட்ட பலகையில் எழுதும்போது, அழுத்திய விசைகளை மட்டும் நினைவில் வைத்து வேறிடத்தில் ஓட்டினால், விளைவு மாறிவிடக்கூடும் அல்லவா?

விம்மின் புள்ளிக் கட்டளைக்கு இங்கே நாம் நன்றி சொல்ல வேண்டும். எழுதும் நிலையில் அது விசைகளை நினைவில் கொள்வதில்லை. விசைகள் மாறி வந்தபின் கிடைத்த எழுத்துகளையே நினைவில் கொள்கிறது. 'அம்மா' என்று எழுதிவிட்டு வேறிடத்தில் புள்ளியைத் தட்டினால் 'அம்மா' என்றே வரும்.

வேறு மொழி எழுதுவதற்கென விம்மிலேயே ஒரு விசைக்கோப்பு வசதியும் இருக்கிறது. அதை இயக்கினால் எழுதும் நிலையிலும், சொல்லைத் தேடும்போதும், ஓர் எழுத்தை மாற்றும்போதும் தமிழ் வரும். கட்டளை நிலையிலோ ஆங்கில விசைகள் கட்டளைகளாகவே இருக்கும். கணிப்பொறி முழுமைக்குமான தமிழ்ப் பலகையை இயக்கிக்கொண்டு விம்மில் எழுதுபவர், கட்டளை நிலைக்கு வரும்போதெல்லாம் மொழியை மாற்றியாக வேண்டும். விம்மின் சொந்த வசதி அந்தத் தொல்லையை நீக்குகிறது. அத்துடன் வரும் தமிழ் விசைக்கோப்பு பழைய டிஸ்கி குறிமுறைக்கானது. எனினும் அதே முறையைப் பின்பற்றி ஒருங்குறிக்கு ஒரு கோப்பை நீங்களே எழுதிக்கொள்ளலாம், கடினமன்று.

எழுத்து எது என்பதிலும் விம் தமிழருக்கு ஏற்றபடியே நடந்துகொள்கிறது. ஒருங்குறியில் 'கோ' என்பது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். ஆனால் 'எக்ஸ்' விசையை ஒருமுறை தட்டினால் 'கோ' முழுவதும் நீங்குகிறது. உறுப்பு உறுப்பாக நீக்க விரும்புவோர் அதற்கான அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு குறியீடுகள் சேர்ந்து ஓர் எழுத்து என்று உணரும் தொகுப்பிக்கு, மூன்று செயல்கள் சேர்ந்து ஒரு வேலை என்பது மட்டும் ஏன் தெரியவில்லை? என் குற்றச்சாட்டு இதுதான்.

மூன்று மருந்துகள்

இக்குறைக்கு மருந்து இல்லாமல் இல்லை. மூன்றை இங்கே மதிப்பிடுவோம்.

முதலாவது, டிம் போப் என்பவர் எழுதிய 'ரிபீட்' என்னும் துணைநிரல். விசை ஏற்பாட்டின் முடிவில், 'என்னை மீண்டும் செய்ய வேண்டுமானால் இதைச் செய்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். துணைநிரல் அதைக் குறித்துக்கொள்ளும். புள்ளி விசையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். புள்ளி தட்டப்பட்டதும், குறித்தபின் உரையில் வேறு மாற்றம் நிகழ்ந்ததா என்று பார்க்கும். நிகழவில்லையெனில் குறித்து வைத்ததைச் செய்யும். நிகழ்ந்திருந்தால் பழைய புள்ளியின் வேலையைச் செய்யும். மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. சொற்களைக் குறிகளால் சூழ்வதற்கு அவரே எழுதிய 'சரவுண்ட்' என்ற துணைநிரலும் இதனுடன் ஒத்துழைக்கிறது. ஆனால் ஒவ்வொரு விசை ஏற்பாட்டின் ஆசிரியரும் மறவாமல் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். ஒருவர் மறந்தால் அந்த விசை மட்டும் பழையபடி அரைகுறையாகவே நடக்கும். பயன்படுத்துபவருக்கு அது தெரிய வழியில்லை.

இரண்டாவது, 2006-இல் வெளிவந்த விம்மின் ஏழாம் பதிப்பில் சேர்ந்த வசதி. நாமே ஒரு செயற்கூற்றை எழுதி, அதைத் தொகுப்பியின் சொந்தக் கட்டளைபோல் ஆக்கிக்கொள்ளலாம். 'ஜி' விசையும் '@' குறியும் சேர்ந்து அச்செயற்கூற்றை அழைக்கும். அப்படிச் செய்தால் புள்ளி அதை முழுமையாக மீண்டும் செய்யும், துணைநிரலே தேவையில்லை. நேர்மையான தீர்வு இதுவே எனலாம். ஆனால் ஒரே வரியில் முடிய வேண்டியதற்குச் செயற்கூறு எழுதக் கற்க வேண்டியிருக்கிறது. நிரல் எழுதத் தெரியாத தட்டச்சருக்கு இது எட்டாக்கனி.

மூன்றாவது மருந்து வெளியிலிருந்து வருவதன்று. நம் சிந்தனையிலிருந்து வருவது. மூன்று செயல்களை ஒரே திருத்தமாக அமைத்தால் என்ன? சொல்லை நீக்கி எழுதும் நிலைக்குச் செல், முன்குறி இடு, நீக்கிய சொல்லை அங்கேயே மீட்டு வை, பின்குறி இடு. இது தொகுப்பியின் கண்ணிலும் ஒரே திருத்தம். நீக்கியதை மீட்கும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. கண்ட்ரோல் விசையுடன் 'ஆர்' மட்டும் அழுத்தினால் மீண்டு வந்த சொல் எழுத்துகளாகவே ஏட்டில் ஏறிவிடும். அடுத்த இடத்திலும் பழைய சொல்லே வரும். கண்ட்ரோல்-ஆர், கண்ட்ரோல்-ஓ என இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால், சொல்லுக்குப் பதில் 'மீட்டு வை' என்ற கட்டளையே ஏட்டில் ஏறும். பிறகு புள்ளியைத் தட்டும் இடமெல்லாம் அந்தந்தச் சொல்லே குறிகளுக்கிடையே அமரும். நம் மாணவர் இறுதியில் கையாண்டது இம்முறையைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தொகுப்பியையும் குறிப்பிடலாம். 'ஈமேக்ஸ்' என்பதில் விசைக்குப் பெயருள்ள ஒரு செயற்கூற்றைப் பொருத்துவதே வழக்கம். கண்ட்ரோல்-எக்ஸ், அதையடுத்து 'இசட்' என்று அழுத்தினால் கடைசிக் கட்டளை மீண்டும் நிகழும். நீங்கள் பொருத்திய செயற்கூறு ஒரு கட்டளை என்று அதற்குத் தெரியுமாதலால், முழுவதும் நிகழும். வேலைக்கு ஒரு பெயர் இருந்தால் அதை மீண்டும் அழைப்பது எளிது. விம்மின் சாதாரண விசை ஏற்பாட்டில் வேலைக்குப் பெயரில்லை. விசைகளின் வரிசைதான் இருக்கிறது.

எது நியாயம்?

விம்மின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். புள்ளி என்பது திருத்தத்தை மீண்டும் செய்வதற்கானது. நகர்வை மீண்டும் செய்வதற்கானது அன்று. ஒருவருடைய விசை ஏற்பாடு வரியை நீக்கிவிட்டுக் கோப்பைச் சேமித்து வேறொரு கோப்பைத் திறப்பதாக இருக்கலாம். புள்ளியைத் தட்டும்போது அவர் விரும்புவது வரி நீங்குவதை மட்டுமா, எல்லாவற்றையுமா? தொகுப்பியால் ஊகிக்க முடியாது. ஊகித்துத் தவறு செய்வதைவிட, ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மேல் என்று வடிவமைத்தவர்கள் எண்ணியிருந்தால் அதில் குற்றம் காண முடியாது.

ஆனால் ஊகிக்க முடியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே! விசை ஏற்பாட்டை எழுதும்போதே 'அமைதியாகச் செய்', 'இந்தக் கோப்புக்கு மட்டும்' என்பன போன்ற அடைமொழிகளைச் சேர்க்க விம் ஏற்கெனவே இடம் தருகிறது. 'இதை ஒரே வேலையாகக் கொள்' என்று இன்னோர் அடைமொழிக்கு இடம் தந்தால் போதும். துணைநிரலும் வேண்டாம், செயற்கூறும் வேண்டாம். அதுவும் இயலாதெனில், புள்ளி ஒரு விசை ஏற்பாட்டின் பகுதியை மட்டும் செய்யும்போது திரையின் அடியில் ஒரு வரி எச்சரிக்கையாவது காட்டலாம். பகுதியைச் செய்வதைவிட, முழுவதையும் செய்ததுபோல் மௌனமாக இருப்பதே பெரிய குறை. மி'ன்னோட்டம் என்று அடித்துவிட்டுத் தொகுப்பி ஓர் ஓசைகூட எழுப்பவில்லை.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். பிழையில் பெரும்பங்கு கருவியுடையது. மாணவரின் பங்கு, சோதிக்காமல் நம்பியது மட்டுமே.

அந்தச் சோதனை எளிது. அரை நிமிடம்கூட ஆகாது. புதிதாக ஒரு விசையை ஏற்பாடு செய்ததும், வெற்றுக் கோப்பில் மூன்று வரிகள் எழுதுங்கள். இரண்டாம் வரியில் ஏதேனும் ஓர் எழுத்தை நீக்குங்கள். முதல் வரியில் உங்கள் விசையை அழுத்துங்கள். மூன்றாம் வரிக்குப் போய்ப் புள்ளியைத் தட்டுங்கள். முதல் வரியில் நடந்தது முழுவதும் மூன்றாம் வரியிலும் நடந்தால் உங்கள் விசை நம்பத் தக்கது. பாதி மட்டும் நடந்தால் மூன்றாம் மருந்தை முயன்று பாருங்கள். ஓர் எழுத்து நீங்கினால், உங்கள் விசையைப் பற்றிப் புள்ளி அறியவே இல்லை என்று பொருள்.

நம் மாணவர் வினாத்தொகுப்பைத் திருத்தி உரிய நாளில் ஒப்படைத்துவிட்டார். இப்போதெல்லாம் புது விசை ஒன்றை ஏற்பாடு செய்தால், மூன்று வரி எழுதிப் பார்த்த பிறகே உண்மையான கோப்பைத் திறக்கிறார்.